எந்தக் கம்பி ஏற்ற கம்பி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

‘நிறைகுடம் தளும்பாது’ என்பது நம் முன்னோர் சொல். மனிதருக்காகச் சொன்ன இந்தப் பழமொழி ஓர் இசைக்கருவியின் கம்பிக்கும் பொருந்தும் என்று நான் சொன்னால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுத் தொடர்ந்து படிக்கும்படி வேண்டுகிறேன். ஏனெனில் நான் எழுதப்போவது நான்கு கம்பிகளைப் பற்றித்தான். ஆனால் அந்த நான்கு கம்பிகளுக்காக நான் ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்தைவிட அதிகமான தொகையைச் செலவிட்டேன். அது சரியா, தவறா என்பதே கேள்வி.

திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு பாடும்போது, டிரம் செட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக, நீண்ட கழுத்தும் நான்கே நான்கு தடித்த கம்பிகளும் கொண்ட ஒரு கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒருவன் நிற்பான். அவனைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பாடகரைப் பார்ப்பார்கள், கீபோர்டு வாசிப்பவரைப் பார்ப்பார்கள், டிரம் அடிப்பவரைக் கண்டு கைதட்டுவார்கள். ஓரத்தில் நிற்பவன் கையை எடுத்துவிட்டாலோ, பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடாகிவிடும். அவன் கையில் இருப்பது பேஸ் கிட்டார். காரியாபட்டி வட்டாரத்தில் கச்சேரி செய்யும் ஒரு குழுவில், கல்லூரி விடுமுறை நாட்களில், அப்படி ஓரத்தில் நிற்பவன் நான்.

சென்ற பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் என் கிட்டாருக்குக் கம்பி மாற்ற வேண்டி வந்தது. அப்போதுதான் குழுவில் விவாதம் பிறந்தது. “பளபளன்னு கேக்கிற மாதிரி ரவுண்ட் கம்பியே போடு தம்பி. இப்ப வர்ற பாட்டெல்லாம் அப்படித்தான்” என்றார் குழுத்தலைவர் அண்ணன். நான் பிளாட் கம்பி போடவேண்டும் என்றேன். “அது கிழட்டுக் கம்பிடா” என்றார் கீபோர்டு அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு நான் சொல்லும் பதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் திருவிழா மேடைக்கும், அங்கே மக்கள் கேட்டு மகிழும் பாட்டுக்கும், நம்மைப் போன்றோரின் சட்டைப்பைக்கும் ஏற்றது பிளாட்வவுண்ட் எனப்படும் தட்டைச் சுற்றுக் கம்பியே. புதுமை என்ற பெயரில் எல்லோரும் ரவுண்ட்வவுண்ட் எனப்படும் உருட்டுச் சுற்றுக் கம்பியை நாடுவது, காதால் தேர்வு செய்யவேண்டியதைக் கண்ணால் தேர்வு செய்வதாகும்.

சோனாமீட்டர் சொன்ன பாடம்

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நம் இயற்பியல் ஆய்வகத்தில் சோனாமீட்டர் பெட்டியின்மேல் கம்பியை இழுத்துக் கட்டி, எடைகளைத் தொங்கவிட்டு, காகிதத் துண்டு துள்ளி விழும்வரை பாலங்களை நகர்த்திய நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, ஒரு மீட்டர் நீளத்தின் நிறை. நீளம் கூடினால் சுருதி இறங்கும். இழுவிசை கூடினால் ஏறும். நிறை கூடினால் இறங்கும்.

பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளுக்கும் பெயர் ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண்கள் முறையே நொடிக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98. பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். கம்பியை 18 கிலோ எடைக்கு இணையான விசையால் இழுத்துக் கட்டுவதாக வைத்துக்கொண்டு, நான் குறிப்பேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜி கம்பி மீட்டருக்கு 6 கிராம் இருந்தால் போதும். ஈ கம்பியோ மீட்டருக்கு 35 கிராம் இருக்கவேண்டும்.

அந்த 35 கிராமை ஒற்றை எஃகுக் கம்பியாகச் செய்தால் அதன் தடிமன் 2.4 மில்லிமீட்டர் ஆகிறது. சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பியைவிடத் தடிமன்! அதை இழுத்துக் கட்டி மீட்டினால் பாடுமா? கம்பியாக நெளியாமல் கோலாக விறைத்து நிற்கும், அதன் மேல்சுரங்கள் இருக்கவேண்டிய இடத்தைவிட ஏறி ஒலிக்கும், நாதம் கெடும். இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, நடுவில் மெல்லிய எஃகு நரம்பு ஒன்றை வைத்து, அதன்மேல் வேறு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. எடை கூடும், விறைப்பு அந்த அளவுக்குக் கூடாது. நம் வீணையிலும் மந்தரக் கம்பிகளுக்குச் சுற்றிய கம்பி கட்டுவது இந்த உபாயத்தால்தான்.

இப்போது வேறுபாட்டுக்கு வருகிறேன். மேலே சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வவுண்ட். விரலால் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். சுற்றுவது தட்டையான உலோகப் பட்டையாக இருந்தால் அது பிளாட்வவுண்ட். பட்டையோடு பட்டை ஒட்டி நிற்பதால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். இதுவே எல்லா மாற்றத்துக்கும் மூலம். உருட்டுக் கம்பியில் மேல்சுரங்கள் நிறைய எழுந்து நெடுநேரம் நிற்கும். ஒலி பளீரென்று, பியானோவின் அடிக்கட்டைபோல் கேட்கும். தட்டைக் கம்பியில் மேல்சுரங்கள் விரைவில் அடங்கிவிடும். அடிச்சுரமே முன்னுக்கு நிற்கும். ஒலி உருண்டு திரண்டு, ‘தும்’ என்று எழுந்து, வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கும். முன்னது பளபளப்பு, பின்னது கனம்.

விரல் வழுக்கும் ஓசையும் கவனிக்கத்தக்கது. உருட்டுக் கம்பியில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு விரலை இழுத்துச் சென்றால் ‘கிரீச்’ என்ற உராய்வு ஒலி கூடவே வரும். நம் பாட்டுகளிலோ வழுக்கிச் செல்லும் இடங்கள் அதிகம். உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கும்போது எழும் அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அந்த இழுப்பு தட்டைக் கம்பியில் தூய்மையாக வருகிறது. வயலின் போன்ற வில் வாத்தியங்களின் சுற்றுக் கம்பிகளில் தட்டைப் பட்டையே சுற்றப்படுகிறது என்பதும் எண்ணத்தக்கது. சொரசொரப்பான கம்பியில் வில் எப்படி ஓடும்?

கிழட்டுக் கம்பியா?

‘கிழட்டுக் கம்பி’ என்ற பட்டத்துக்கு வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் 1951ஆம் ஆண்டில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின்சாரப் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை இசைக்குழுக்களில் அடிச்சுரம் வாசித்தது ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. தோளில் மாட்டிக்கொள்ளும் கிட்டார் வந்தபோது, டபுள் பேஸின் வழக்கத்தையொட்டித் தட்டைச் சுற்றுக் கம்பியே அதற்கும் கட்டப்பட்டது. 1960களின் நடுவில்தான் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து, பளீரென்ற ஒலி தரும் உருட்டுச் சுற்றுக் கம்பியைச் செம்மைப்படுத்தியது. ஆகவே தட்டைக் கம்பி மூத்தது என்பது உண்மை. மூத்தது என்பதால் செத்தது என்று ஆகிவிடுமா?

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) என்ற கறுப்பினக் கலைஞரைப் பற்றிப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச் சுற்றுக் கம்பிகளைக் கட்டினார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றமாட்டார். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பெயர் வந்தது. 1960களில் உலகம் முழுவதும் ஆடிப் பாடிய மோட்டவுன் பாட்டுகள் பலவற்றின் அடித்தளம் அந்த ஒற்றை விரலும் அந்தப் பழைய கம்பிகளும்தாம். ஆனால் இசைத்தட்டுகளில் அவர் பெயர் நெடுங்காலம் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றின் உறையில்தான் அவர் பெயர் சிறப்பாகக் குறிக்கப்பட்டது. ராக் அண்ட் ரோல் புகழரங்கில் 2000ஆம் ஆண்டில், அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகே, இடம் கிடைத்தது.

‘அது மென்மையான பாட்டுக்காரர்களின் கம்பி’ என்று தள்ளிவிடவும் முடியாது. இடிபோன்ற இசைக்குப் பெயர்பெற்ற ‘அயர்ன் மெய்டன்’ குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது தட்டைச் சுற்றுக் கம்பியில்தான். கம்பி ஒன்றே, கை வேறு. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்!

மோட்டவுனிலிருந்து நம் ஊருக்குத் திரும்புகிறேன். ‘அன்னக்கிளி’ (1976) வழியாகத் திரையுலகுக்கு வந்த இளையராஜா, பேஸ் கிட்டாருக்குத் தமிழ்ப் பாட்டில் ஒரு தனி நாற்காலி போட்டுக் கொடுத்தார் என்பது என் கருத்து. அவரே கிட்டார் வாசிப்பவர். கருவியின் அருமை அறிந்தவர். ‘மூடுபனி’ (1980), ‘நினைவெல்லாம் நித்யா’ (1982), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) ஆகிய படங்களின் பாட்டுகளைப் பாடகரின் குரலை மறந்து, அடிச்சுரத்தை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். அது தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்காது. தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே நடக்கும். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்த சசிதரன் அவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம், அதைத் தாங்கிய தூணின் பெயரைக் கேட்டதில்லை.

நம் வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் கைதட்டல் வாங்குபவை பெரும்பாலும் அந்த 1980களின் பாட்டுகளே. துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் விருப்பப் பாடல்களை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் நான் பிறப்பதற்கு முன் வந்தவை. அந்த அடிச்சுரம் ஒரு மெட்டாகக் காதில் விழவேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் உருண்டையாகத் தனித்து நிற்கவேண்டும். கம்பியின் சலசலப்பு கீபோர்டின் இடத்திலும் பாடகரின் இடத்திலும் போய் மோதக்கூடாது. இதனால்தான் நான் தட்டைக் கம்பிக்கு வாக்களிக்கிறேன்.

எதிர்வாதத்துக்கும் இடம் உண்டு

ஒருபக்க வழக்கு நீதியாகாது. ரவுண்ட் கம்பிக்கு ஆதரவாக உள்ள வலுவான வாதத்தை மைக்செட்காரர் ஒருவரிடம்தான் கற்றேன். “தம்பி, உன் கிட்டாரு சத்தம் பாக்ஸ்ல வரும், கொழாய்ல வராது” என்றார் அவர். எவ்வளவு பெரிய உண்மை! மரத்தில் கட்டும் கூம்புக் குழாய் ஒலிபெருக்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நொடிக்கு 41 அதிர்வை அதனால் வெளியே தள்ள முடியாது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியும் அப்படியே. ஆனாலும் கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் கேட்பதாகத் தோன்றுகிறதே, எப்படி? அடிச்சுரம் வராவிட்டாலும் அதன் மேல்சுரங்கள் 82, 123, 164 என்று வரிசையாக வந்தால், விடுபட்ட 41ஐ நம் மூளையே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே மேல்சுரங்கள் நிறைந்த ரவுண்ட் கம்பி சின்ன ஒலிபெருக்கியிலும் தன் இருப்பைக் காட்டும். பிளாட் கம்பி அங்கே மறைந்துபோகும்.

இது எனக்கே நேர்ந்தது. புதிய கம்பியோடு ஏறிய முதல் மேடை ஒரு சிறிய ஊரில். இரண்டு பாக்ஸ்களும் நான்கு குழாய்களும் மட்டுமே. முன்வரிசைக்குக் கேட்டது, தெருக்கோடியில் நின்ற என் நண்பர்களுக்குக் கேட்கவேயில்லை. “கம்பிக்கு நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தாயே, எங்கே போச்சு?” என்று மறுநாள் கல்லூரிப் பேருந்தில் கேலி செய்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு மைக்செட்காரரின் யோசனைப்படி, ஆம்ப்ளிஃபயரில் அடியொலியைச் சற்றுக் குறைத்து நடுவொலியைக் கூட்டினேன். கம்பியை மீட்டும் இடத்தைப் பாலத்துக்குக் கொஞ்சம் பக்கமாக நகர்த்தினேன். குறை பெருமளவு தீர்ந்தது. இன்று பெரும்பாலான கச்சேரிகளில் பெரிய பாக்ஸ்களே வைக்கப்படுகின்றன என்பதும் எனக்குத் துணை.

அடுத்த எதிர்வாதம்: பெருவிரலால் கம்பியைத் தட்டி, சுட்டுவிரலால் சுண்டி வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறைக்கு ரவுண்ட் கம்பியே சிறந்தது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த முறையே தன் வழி என்று கொண்ட நண்பர் ரவுண்ட் கம்பியையே கட்டட்டும். நான் கேட்பது, தன் பாட்டு எது, தன் மேடை எது என்று எண்ணிப் பார்த்தபின் கட்டட்டும் என்பதே.

அம்மாவின் சோற்றுப்பானை

கடைசியாகப் பணக்கணக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். அப்பாவும் அம்மாவும் சீமைக்கருவேல மரம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே எதை வாங்கினாலும் பலமுறை கணக்குப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு.

ரவுண்ட் கம்பி ஒரு செட் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். நம் ஊர் வெயிலில் மேடையில் நின்று வாசித்தால் விரல் வியர்வையும், கரிசல் புழுதியும் அந்தக் கம்பியின் பள்ளங்களில் போய் அடைந்துகொள்ளும். நான்கு மாதத்தில் பளபளப்புச் செத்துப்போகும். எந்தப் பளபளப்புக்காக வாங்கினோமோ அதுவே போய்விடும்! பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் அழுக்கு இளகி மீண்டும் ஒலிக்கும் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் அம்மாவின் சோற்றுப்பானையில் போட்டுக் கொதிக்கவைத்தேன். உண்மையிலேயே உயிர் வந்தது. ஆனால் சில கச்சேரிகளிலேயே மறுபடியும் செத்துவிட்டது. பானையைப் பார்த்த அம்மாவிடம் நான் வாங்கிய வசவோ இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆண்டுக்கு மூன்று செட் என்றால் ஆறாயிரத்துக்கு மேல். பிளாட் கம்பிக்கு ஒரே தடவையில் நாலாயிரத்து ஐந்நூறு. “ஏண்டா, நாலு கம்பிக்கா இம்புட்டுக் காசு? தங்கத்துல பண்ணதா?” என்று அம்மா கேட்டபோது, “அம்மா, இதை வருசக்கணக்குல மாத்தவேண்டாம்” என்றேன். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பணம் அடுத்த பருவத் தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்குமாக நான் கச்சேரிகளில் சேர்த்து வைத்தது. கம்பி ஏமாற்றிவிட்டால் தேர்வுக் கட்டணத்துக்குக் கடன்தான். பள்ளமில்லாத வழவழப்பான கம்பியில் அழுக்குத் தங்க இடம் குறைவு. பளபளப்பை நம்பி வாழாததால் அது போய்விடுமே என்ற கவலையும் இல்லை. கழுத்திலுள்ள உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளையும் அரம்போல் தேய்க்காது. இந்த மூன்று காரணங்களையும் நம்பிப் பணத்தைக் கட்டினேன். கட்டி ஓராண்டு ஆகிறது. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைப்பதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. கம்பி அப்படியே இருக்கிறது. தேர்வுக் கட்டணமும் சித்திரைக் கச்சேரிகளில் சேர்ந்துவிட்டது.

வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு

அனுபவத்தில் அறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இழுவிசை. நான்கு கம்பிகளும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை இழுக்கும் விசை, என் கணக்கின்படி, எழுபது கிலோவுக்கு மேல். ஒரு வளர்ந்த மனிதன் தொங்குவதுபோல. பிளாட் கம்பிகளில் பல, ரவுண்டைவிட இன்னும் வலுவாக இழுப்பவை. ஆகவே கம்பி மாற்றியபின் கழுத்து வளைகிறதா என்று பார்த்து, உள்ளே ஓடும் திருத்துக்கம்பியைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்யவேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பதே அறிவுடைமை. எல்லா பிளாட் கம்பியும் முரட்டுக் கம்பி அல்ல. வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனம் செய்வதுபோல இளகிய இழுவிசை உள்ளவையும் உண்டு.

இரண்டாவது, தடிமன். ஈ கம்பியில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நூறு முதல் நூற்றைந்து பங்குவரை உள்ள செட்டே தொடங்குவோருக்குப் போதும். ஜேமர்சன் கட்டிய தடித்த வகை நூற்றுப்பத்து. அது விரலுக்குப் பெருஞ்சோதனை. பெரியவர் கட்டினார் என்பதற்காக நாமும் கட்டவேண்டியதில்லை.

மூன்றாவது, முறுக்காணியில் கம்பியை வளைத்து மாட்டிய பிறகே மிச்சத்தை வெட்டவேண்டும். முன்பே வெட்டினால் பட்டை பிரிந்து, காசும் பிரிந்து போகும்.

நான்காவது, முடிவெடுக்க இயலாதோருக்கு நடுவழியும் இருக்கிறது. உருட்டுக் கம்பியைச் சுற்றியபின் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய ‘ஹாஃப் ரவுண்ட்’ வகையும், நைலான் பட்டை சுற்றிய கருநிறக் கம்பியும் கிடைக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குமுன் கேட்கவேண்டும். நான் மதுரையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் பிளாட் கம்பி கட்டிய கிட்டார் இருப்பதாக அறிந்து, என் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் போனேன். அவரும் நானும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே பாட்டை, மாற்றி மாற்றி வாசித்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தனியாக வாசிக்கும்போது என் ரவுண்ட் கம்பியே அழகாக ஒலித்தது, ஒப்புக்கொள்கிறேன். அவருடைய தம்பி டிரம் வாசிக்க, இன்னொருவர் பாடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. என் கம்பியின் அழகெல்லாம் டிரம்மின் தட்டொலியில் கரைந்துபோனது. அவர் கம்பியின் கனம் மட்டும் கரையவில்லை. கடையில் தனியாக மீட்டிப் பார்த்துக் கம்பி வாங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குழுவோடு வாசிக்கவேண்டிய கருவியைக் குழுவோடு கேட்டே தேர்ந்தெடுக்கவேண்டும்.

இந்தச் சித்திரையில் ஒரு கோயில் கச்சேரி. எங்களுக்கு முன்னால் நையாண்டி மேளம். அதில் தவில் வாசித்த பெரியவர், தன் நிகழ்ச்சி முடிந்ததும் போகாமல், மேடைக்கு அருகே தவிலின்மேல் கையை ஊன்றியபடி உட்கார்ந்து எங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, போன வருசமும் உன்னையக் கேட்டேன். அப்ப வலந்தலை மாதிரி கத்திக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் தொப்பி மாதிரி பேசுது” என்றார். தவிலில் விரல்களால் வாசிக்கும் பக்கம் வலந்தலை. கழியால் அடித்துக் கனத்த நாதம் எழுப்பும் பக்கம் தொப்பி. நான் என்ன கம்பி கட்டியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. பிளாட், ரவுண்ட் என்ற சொற்களையும் அவர் கேட்டிருக்க மாட்டார். சோனாமீட்டரும் கணக்கும் கொண்டு நான் பல வாரம் தேடிக் கண்டதை அவர் காது ஒரே பாட்டில் கண்டுவிட்டது.

குழுத்தலைவர் அண்ணன் இப்போது ‘கிழட்டுக் கம்பி’ என்று சொல்வதில்லை. கீபோர்டு அண்ணன் மட்டும் இன்னும் சொல்கிறார். சொல்லட்டும், அவர் கருத்து அவருக்கு. நாங்கள் இருவரும் ஒரே மேடையில்தான் வாசிக்கிறோம்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்த் திருவிழாவில் அடுத்த கச்சேரி நடக்கும்போது, ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, பாடகரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவனின் நான்கு கம்பிகளைக் கேளுங்கள். அவன் ரவுண்ட் கட்டியிருக்கிறானா, பிளாட் கட்டியிருக்கிறானா என்று உங்கள் காதே சொல்லட்டும். பிறகு வந்து என்னோடு வாதிடுங்கள். இயற்பியல் ஆய்வகத்தில் சோனாமீட்டர் இருக்கிறது. கிட்டாரை நான் கொண்டுவருகிறேன்.